பிரான்சிஸ் ஸ்பிரிங்

சர் பிரான்சிஸ் ஜோசப் எட்வர்ட் ஸ்பிரிங் (1849 – 1933) அயர்லாந்தைச் சேர்ந்த குடிசார் பொறியாளர் ஆவார். பிரித்தானிய இந்தியாவில் இருப்புப்பாதைகள், ஆற்றுப் பாலங்கள், துறைமுகம் ஆகிய மூன்று துறைகளிலும் இவர் பணியாற்றினார். 1904 முதல் 1919 வரை சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்து அதன் அமைப்பை மாற்றியமைத்தார். கணிதமேதை இராமானுசன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியபோது அவருக்கு ஆதரவளித்தவர் என்ற வகையிலேயே தமிழகத்தில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், சென்னைக் கடற்கரையை ஒட்டி மணல் நகரும் முறையை அளந்து ஆராய்ந்து எழுதியது இவரது மற்றொரு முக்கியமான பணியாகும். இராயபுரம் முதல் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்கள் வரையிலான கடற்கரையில் இன்று பேசப்படும் கடலரிப்புச் சிக்கலைப் புரிந்துகொள்ள அவ்வாய்வு அடிப்படையாக அமைகிறது.

இளமையும் கல்வியும்

ஸ்பிரிங் 1849 ஆம் ஆண்டு பிறந்தார். டப்ளின் நகரில் உள்ள திரித்துவக் கல்லூரியில் கல்வி பயின்றார். 1870 ஆம் ஆண்டில் இந்திய அரசின் பொறியியல் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் இந்தியாவில் இருப்புப்பாதைகள் வேகமாக விரிவடைந்து கொண்டிருந்தன. அகன்ற மணல் ஆறுகளைக் கடப்பதே அப்பணியில் பொறியாளர்கள் எதிர்கொண்ட மிகப்பெரிய இடையூறாக இருந்தது.

இருப்புப்பாதையும் ஆறுகளும்

ஸ்பிரிங் தம் பணிக்காலத்தின் முதற்பகுதி முழுவதையும் இருப்புப்பாதைத் துறையிலேயே கழித்தார். வங்காள விரிகுடாவை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கரை இருப்புப்பாதைத் திட்டத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. இந்திய அரசின் ஆலோசனைப் பொறியாளராகவும் இருந்தார். கங்கையின் கீழ்ப்பகுதியில் சாரா என்னுமிடத்தில் பாலம் கட்டுவது பற்றி 1902 ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை ஒன்றைத் தயாரித்தார். பிற்காலத்தில் அங்கு கட்டப்பட்டு 1915 இல் திறக்கப்பட்ட பாலமே, இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ஆர்டிஞ்சுப் பாலம் ஆகும்.

சமவெளியில் ஓடும் மணல் ஆறுகள் ஒரே தடத்தில் நிலைத்து நிற்பதில்லை. இன்று பாலத்தின் நடுவே ஓடும் ஆறு, சில ஆண்டுகளில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியே செல்லக்கூடும். இதைத் தடுப்பதற்காகப் பாலத்தின் இரு முனைகளிலும் ஆற்றோட்டத்திற்கு இணையாக நீண்ட மண் கரைகளை எழுப்பி, அவற்றின் மேல் கற்களைப் பதிக்கும் முறையைப் பெல் என்ற பொறியாளர் உருவாக்கினார். இவை வழிகாட்டு கரைகள் எனப்படுகின்றன. இம்முறையில் பெற்ற பட்டறிவைத் தொகுத்து ஸ்பிரிங் 1903 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். ஆற்று மணல் பருமனானதா நுண்ணியதா என்பதையும், ஆற்றின் சரிவையும் கொண்டு, கரைகளில் எவ்வளவு தடிமனுக்குக் கல் பதிக்க வேண்டும் என்பதை அந்நூல் அட்டவணையாகத் தந்தது. அவ்வட்டவணை இன்றும் இந்தியப் பொறியியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

வழிகாட்டு கரையின் அடியில் ஆற்றுப்படுகை மேல் தளர்வாகக் கற்கள் பரப்பி வைக்கப்படும். வெள்ளம் அடிமணலை அரிக்கும்போது இக்கற்கள் தாமாகவே சரிந்து, அரிக்கப்பட்ட சரிவின் மேல் படிந்து, மேலும் அரிப்பு நிகழாமல் காக்கும். மணலின் இயல்பை அறிந்து அதற்கேற்பக் கட்டுமானத்தை வடிவமைப்பது என்னும் இந்த அணுகுமுறை, ஸ்பிரிங் பின்னர் கடற்கரையில் செய்த பணியிலும் தொடர்ந்தது.

ஸ்பிரிங் வருவதற்கு முன் சென்னைத் துறைமுகம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மக்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். 1861 ஆம் ஆண்டில் கடலுக்குள் நீளும் இரும்புத் தூண்பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1868, 1872 ஆம் ஆண்டுகளில் வீசிய புயல்களில் அது சேதமடைந்தது.

இதன் பின்னர், வில்லியம் பார்க்சு என்ற பொறியாளரின் வடிவமைப்பின்படி, கரையிலிருந்து கடலுக்குள் செல்லும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கொண்டு ஒரு செயற்கைத் துறைமுகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 1875 ஆம் ஆண்டு திசம்பரில் வேல்சு இளவரசர் இதற்கு அடிக்கல் நாட்டினார். இரு சுவர்களும் கடலுக்குள் வளைந்து ஒன்றையொன்று நெருங்கி, கிழக்கு நோக்கிய ஒரு நுழைவாயிலை அமைத்தன. பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் சுவர்களின் பெரும்பகுதியைத் தகர்த்தது. மீண்டும் கட்டும் பணி 1890களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

புயலைவிட மெதுவானதும், ஆனால் இடைவிடாததுமான வேறொரு சிக்கல் அதற்குள் தொடங்கியிருந்தது. துறைமுகத்தின் தென்சுவரை ஒட்டி மணல் குவியத் தொடங்கியது. ஆண்டுதோறும் கரை கடலுக்குள் முன்னேறியது. சுவரின் முனையைச் சுற்றி வந்த மணல், கிழக்கு நுழைவாயிலின் ஆழத்தைக் குறைத்தது. மேலும், கிழக்கு நோக்கித் திறந்திருந்த வாயில் வழியே அலைகள் நேராக உள்ளே புகுந்தமையால், துறைமுகத்திற்குள் நின்ற கப்பல்களும் அமைதியாக இருக்க இயலவில்லை.

துறைமுகத் தலைவர்

1904 ஆம் ஆண்டில் ஸ்பிரிங் சென்னைத் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 55. இந்தியப் பணியில் இருந்த ஆங்கிலேய அலுவலர்கள் பலர் ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பும் வயது அது. அதன் பின்னர் அவர் 15 ஆண்டுகள் இப்பதவியில் இருந்தார்.

அவரது காலத்தில் துறைமுகத்தில் பின்வரும் மாற்றங்கள் செய்யப்பட்டன.

- கிழக்கு நுழைவாயில் மூடப்பட்டது. அதற்கு மாற்றாக வடகிழக்கு மூலையில் புதிய நுழைவாயில் திறக்கப்பட்டது.
- புதிய வாயிலை அலைகளிலிருந்து காக்க, வடக்கு நோக்கி நீளும் காப்புச்சுவர் ஒன்று கட்டப்பட்டது. இப்பணிகள் 1911 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றன.
- கப்பல்கள் நேரடியாக அணையும் துறைமேடைகள் மேற்குப் புறத்தில் அமைக்கப்பட்டன. படகுகளில் சரக்கை இறக்கும் பழைய முறை படிப்படியாகக் குறைந்தது.
- சரக்குக் கிடங்குகள், பாரந்தூக்கிகள், இருப்புப்பாதை இணைப்புகள் ஆகியவை ஏற்படுத்தப்பட்டன.
- தெற்கிலிருந்து வரும் மணல் வாயிலை அடையாமல் தடுக்க, துறைமுகத்தின் தென்புறத்தில் மணல் தடுப்புச் சுவர் அமைக்கப்பட்டது.

நுழைவாயிலை வடகிழக்கிற்கு மாற்றியதன் அடிப்படை எளிமையானது. மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. எனவே, வாயில் துறைமுகத்தின் வடபுறம் இருந்தால், மணல் அதை அடைவதற்கு முன் துறைமுகம் முழுவதையும் சுற்றி வர வேண்டும். சென்னைத் துறைமுகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து இயங்குவதற்கு இம்மாற்றம் ஒரு முக்கியக் காரணமாகும்.

முதலாம் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, எம்டன் என்ற செருமானியப் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்க் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. ஸ்பிரிங் தலைவராக இருந்த காலத்தில் நிகழ்ந்த இந்நிகழ்வு சென்னை மக்களின் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இராமானுசனுக்கு அளித்த ஆதரவு

1912 மார்ச்சு 1 ஆம் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் சீனிவாச இராமானுசன் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதத்தில் தேர்ச்சி பெற்றவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளராகவும் இருந்தவர். அவர் வழியாக இராமானுசனின் திறமையை ஸ்பிரிங் அறிந்துகொண்டார்.

ஸ்பிரிங் கணித ஆய்வாளர் அல்லர். இராமானுசனின் குறிப்பேடுகளை மதிப்பிடுவது தம் தகுதிக்கு அப்பாற்பட்டது என்பதை உணர்ந்து, மதிப்பிடக் கூடியவர்களிடம் அவற்றைக் கொண்டு சேர்க்க முயன்றார். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிப்பித்துடன் இது பற்றிக் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவரும் கேம்பிரிட்சில் கணிதம் பயின்றவருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்தபோது, இராமானுசனின் பணிகளை ஸ்பிரிங் அவரது கவனத்திற்குக் கொண்டுவந்தார். வாக்கரின் பரிந்துரையைத் தொடர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. துறைமுகப் பணியிலிருந்து அவருக்கு விடுப்பும் அளிக்கப்பட்டது. இராமானுசன் இங்கிலாந்து செல்வதற்கான நிதியைப் பெறும் முயற்சியிலும் ஸ்பிரிங் ஆளுநரின் அலுவலகத்திற்குக் கடிதம் எழுதி உதவினார். 1914 மார்ச்சு 17 அன்று இராமானுசன் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் ஏறினார்.

கரையோர மணல் நகர்வு பற்றிய ஆய்வு

ஸ்பிரிங் இலண்டனில் உள்ள குடிசார் பொறியாளர் கழகத்தின் வெளியீட்டில் சென்னைத் துறைமுகம் பற்றி இரண்டு ஆய்வுரைகளை வெளியிட்டார். துறைமுகத்தின் மறு அமைப்பைப் பற்றியது ஒன்று. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கரையோர மணல் நகர்வைப் பற்றியது மற்றொன்று. இரண்டாவது ஆய்வுரை 1912-13 ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளிவந்தது. மணற்பாங்கான கடற்கரையில் துறைமுகம் கட்டினால் என்ன நேரும் என்பதற்கு, உலக அளவில் தொடக்கத்திலேயே நீண்ட காலம் அளந்து பதிவு செய்யப்பட்ட எடுத்துக்காட்டுகளில் சென்னையும் ஒன்றாயிற்று.

சோழமண்டலக் கரையில் மணல் நகரும் விதம் பின்வருமாறு:

- தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தை உள்ளடக்கிய ஏறத்தாழ எட்டு மாதங்களில், அலைகள் தென்கிழக்குத் திசையிலிருந்து சாய்வாக வந்து கரையை மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சற்று வடக்கே தள்ளுகிறது.
- வடகிழக்குப் பருவக்காற்று வீசும் வாடைக் காலத்தில் அலைகள் வடகிழக்கிலிருந்து வருவதால், மணல் தெற்கு நோக்கித் திரும்புகிறது.
- வடக்கே செல்லும் மணலின் அளவு தெற்கே திரும்புவதைவிட மிகுதி. ஆகவே ஆண்டின் இறுதியில் கணக்குப் பார்த்தால், பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிச் சென்றிருக்கும்.

ஒரு கடற்கரைப் பகுதி நிலையாக இருப்பதற்கு, அதற்குள் வரும் மணலும் அதிலிருந்து வெளியேறும் மணலும் சமமாக இருக்க வேண்டும். வரவு மிகுந்தால் கரை வளரும். செலவு மிகுந்தால் கரை தேயும். கடலுக்குள் நீளும் சுவர் ஒன்று மணலின் வழியை மறித்தால், அதன் தெற்கே வரவு மட்டும் இருக்கும். வடக்கே செலவு மட்டும் இருக்கும். அலைகள் வடபுறக் கரையிலிருந்து வழக்கம்போல் மணலை எடுத்துச் செல்கின்றன. ஈடுசெய்ய வேண்டிய மணல் வருவதில்லை.

1876 முதல் 1912 வரையிலான காலத்தில் துறைமுகத்தின் தெற்கே சுமார் 10 இலட்சம் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 250 ஏக்கர், புதிய நிலம் உருவாயிற்று. இதே காலத்தில் வடக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவுக்குக் கரை அரிக்கப்பட்டது. சென்னையின் புகழ்பெற்ற மெரினாக் கடற்கரை இன்றுள்ள அகலத்தை அடைந்ததற்குக் காரணம் துறைமுகச் சுவரில் தடைப்பட்ட இம்மணலேயாகும். ஆளுநர் கிராண்ட் டப் 1880களில் அங்கு நடைபாதை அமைத்த காலத்திற்குப் பின்னரும் கடற்கரை தொடர்ந்து விரிந்தது. மெரினாவின் வளர்ச்சியும் இராயபுரத்தின் இழப்பும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகும்.

ஸ்பிரிங்கின் பொறுப்பு துறைமுகத்தைக் காப்பதாகும். அப்பணியில் அவர் வெற்றி பெற்றார். ஆனால் தடுக்கப்பட்ட மணலை வடக்குக் கரைக்கு மீண்டும் கொண்டு சேர்க்கும் நிலையான ஏற்பாடு எதுவும் சென்னையில் ஏற்படவில்லை. இதன் விளைவை வடக்கே வாழ்ந்த மீனவர்கள் ஏற்க நேர்ந்தது.

பிற்கால வாழ்க்கை

ஸ்பிரிங் பேரரசின் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். பிரித்தானிய அரசு இவருக்கு இந்தியப் பேரரசின் சர் பட்டம் வழங்கியது. படகோட்டத்தில் ஆர்வம் கொண்ட இவர், 1911 ஆம் ஆண்டில் சென்னையில் பாய்ப்படகுக் கழகத்தை நிறுவினார். அது இன்றும் இயங்கி வருகிறது. சென்னையில் முதல் எண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்ட தானுந்து இவருடையது எனவும் கூறப்படுகிறது. 1919 ஆம் ஆண்டில் துறைமுகப் பதவியிலிருந்து விலகினார். 1933 ஆம் ஆண்டில் காலமானார். சென்னைத் துறைமுகத்தில் உள்ள ஸ்பிரிங் ஹேவன் துறைமேடையும், துறைமுகத்தை ஒட்டிய ஸ்பிரிங் ஹேவன் சாலையும் இவரது பெயரை நினைவூட்டுகின்றன.

ஸ்பிரிங்கிற்குப் பின் வடக்குக் கரை

இருபதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் மேலும் விரிவாக்கப்பட்டது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தது. கடலரிப்பு இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கு நோக்கி நகர்ந்தது. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடத்தில் நிலம் காக்கப்பட்டாலும், அலைகள் அதன் முன்னிருந்த மணலைக் கொண்டு சென்றன. கட்டுமரங்களைக் கரையேற்றவும் வலை உலர்த்தவும் மீனவர்களுக்கு இருந்த மணல்வெளி மறைந்தது. 2000களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பின்படி, எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டித் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. அவற்றிற்கு இடையே மணல் சேர்ந்து சில இடங்களில் கரை மீண்டது. எனினும், அங்கு தங்கும் மணல் அதற்கு வடக்கே உள்ள கரைக்குக் கிடைப்பதில்லை.

2001 ஆம் ஆண்டில் எண்ணூருக்கு வடக்கே புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. இது பின்னர் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அதையடுத்து வடக்கே காட்டுப்பள்ளியில் 2010களின் தொடக்கத்தில் மற்றொரு துறைமுகம் அமைந்தது. இவ்வாறு மணலின் வழியில் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கு நோக்கிச் சென்று, பழவேற்காட்டை நெருங்கின.

பழவேற்காடு ஏரியும் மீனவர் குப்பங்களும்

பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஏரியையும் வங்காள விரிகுடாவையும் பிரிப்பது மணலால் ஆன தடுப்புத் தீவாகும். அதன் பெரும்பகுதி சிறீஅரிக்கோட்டா எனப்படுகிறது. தெற்கே, பழவேற்காட்டிற்கும் எண்ணூர்க் கழிமுகத்திற்கும் இடையே காட்டுப்பள்ளித் தீவு உள்ளது. அதன் மேற்கே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. கோரைக்குப்பம், வைரவன்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள் ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக இக்குறுகிய மணல் நிலத்தில் அமைந்துள்ளன.

இப்பகுதியில் மணலுக்கு இருவேறு பங்குகள் உண்டு.

முதலாவது, முகத்துவாரம் பற்றியது. பழவேற்காடு ஊரை அடுத்துள்ள முகத்துவாரத்தின் வழியே கடல்நீரும் ஏரிநீரும் கலக்கின்றன. இறாலும் மீன்குஞ்சுகளும் அவ்வழியே ஏரிக்குள் வருகின்றன. மீனவர்களின் படகுகள் அவ்வழியே கடலுக்குச் செல்கின்றன. கரையோரமாக நகரும் மணல் முகத்துவாரத்தில் படிந்து அதை அடைக்கிறது. ஆரணி ஆற்றின் வெள்ளமும் கடலின் ஏற்றவற்றமும் அதைத் திறக்கின்றன. மழை குறைந்த ஆண்டுகளில் முகத்துவாரம் அடைபட்டால், ஏரிநீர் ஆவியாகி உப்பின் அளவு மிகுந்து மீன்வளம் குறைகிறது. முகத்துவாரம் அடைபட்டிருக்கும் வேளையில் பெருமழை பெய்தால், வெள்ளம் வடிய வழியின்றிக் குப்பங்களுக்குள் நீர் புகுகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் மரபுவழி ஏற்பாடும் ஏரியின் நலனைச் சார்ந்தே உள்ளது.

இரண்டாவது, தடுப்புத் தீவு பற்றியது. தெற்கிலிருந்து வரும் மணல் குறையும்போது, கடல் தீவின் கிழக்குக் கரையை அரிக்கிறது. மணல்மேடுகள் கரைந்து, சவுக்கு மரங்கள் வேருடன் சாய்கின்றன. புயல் காலத்தில் அலைகள் தீவைத் தாண்டிச் செல்லும் வாய்ப்பு மிகுகிறது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இக்குப்பங்களில் பல பாதிக்கப்பட்டன. மணல் தடுப்பு ஓரிடத்தில் உடையுமாயின், கடலும் உப்பங்கழியும் ஒன்றாகிக் குப்பங்கள் மட்டுமன்றி அவற்றின் பின்னுள்ள ஊர்களும் கடலுக்கு நேராக நிற்க நேரும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பலமடங்கு விரிவாக்கும் திட்டம் 2010களின் இறுதியில் முன்வைக்கப்பட்டது. அதனால் கடலரிப்பு மிகும் எனவும், ஏரியும் தொழிலும் அழியும் எனவும் கூறிப் பழவேற்காட்டுப் பகுதி மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2023 செப்டம்பரில் நடைபெறவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைப்பதற்காக அதன் இருபுறமும் நேர்க்கல் சுவர்கள் அமைக்கும் திட்டத்தை, சுமார் 27 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தமிழ்நாடு அரசு 2020களில் மேற்கொண்டது. இது மீனவர்கள் நெடுங்காலமாகக் கோரி வந்ததாகும். எனினும், நேர்க்கல் சுவர்களும் கடலுக்குள் நீளும் சுவர்களே. ஆகவே அவற்றின் வடபுறக் கரையைத் தொடர்ந்து அளந்து கண்காணிப்பது இன்றியமையாதது.

கடலரிப்பைக் கையாளும் முறைகள்

ஸ்பிரிங்கின் காலத்திற்குப் பின் உலகின் பல பகுதிகளில் பல்வேறு முறைகள் கையாளப்பட்டுள்ளன.

- கடற்சுவர்: கற்களைக் கொட்டிக் கரையைக் காப்பது. விரைவில் பயன் தரும். ஆனால் சுவரின் முன்னுள்ள மணற்கரை மறையும், அரிப்பு சுவரின் வட முனைக்கு நகரும்.
- தூண்டில் வளைவு: கரைக்குக் குறுக்காகக் கடலுக்குள் நீளும் கல் சுவர்கள். நகரும் மணலைப் பிடித்து வைக்கும். அடுத்த ஊருக்குச் செல்லும் மணலைக் குறைக்கும்.
- மணல் மாற்றிடல்: தடையின் ஒருபுறம் குவியும் மணலை எடுத்து மறுபுறம் சேர்ப்பது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சாந்தா பார்பராவில் 1920களின் இறுதியில் அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்ட பின் கரை அரிக்கப்படவே, 1930களில் இம்முறை தொடங்கியது. விசாகப்பட்டினத்தில் 1930களில் பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைத்தடுப்பு அமைத்து, அதன் மறைவில் மணலைச் சேரவிட்டுத் தூர்வாரும் ஏற்பாடு செய்யப்பட்டது.
- மணலூட்டலும் நீரடித் திட்டும்: புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்ட பின் நகரக் கடற்கரை மறைந்தது. 2018 அளவில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வழிகாட்டுதலில் நீருக்கடியில் திட்டு ஒன்று அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, மணற்கரையின் ஒரு பகுதி மீண்டது.
- இடம்விட்டுக் கட்டுதல்: மணல்மேடுகளையும் கரையோரத் தாவரங்களையும் அழிக்காமல், கரையிலிருந்து போதிய தொலைவு விட்டுக் கட்டுமானங்களை அமைப்பது. செலவு குறைந்த முறை இதுவே. ஆனால் அரிப்பு தொடங்குவதற்கு முன்பே கடைப்பிடிக்க வேண்டும்.

தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த கணக்கெடுப்பின்படி, இந்தியக் கடற்கரையில் சுமார் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியுள்ளது. தமிழ்நாட்டில் இது சுமார் 43 விழுக்காடாகும். கடல் மட்ட உயர்வும், ஆறுகளின் குறுக்கே கட்டப்பட்ட அணைகளால் கடலுக்கு வரும் மணல் குறைந்ததும் இதற்குத் துணைக் காரணங்களாகும்.

மதிப்பீடு

இருப்புப்பாதைப் பொறியாளராகவும் துறைமுகத் தலைவராகவும் ஸ்பிரிங் விட்டுச்சென்ற கட்டுமானங்கள் பல. அவற்றுள் வழிகாட்டு கரைகள் பற்றிய அட்டவணைகளும் சென்னைத் துறைமுகத்தின் வடகிழக்கு வாயிலும் பொறியியல் மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகின்றன. இராமானுசனின் வாழ்க்கையைக் கூறும் நூல்களில் இவரது பெயர் இடம்பெறுகிறது. மணல் நகர்வு பற்றிய இவரது ஆய்வு அவற்றைவிடக் குறைவாகவே அறியப்பட்டுள்ளது. ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் வேறோரிடத்தில் கரை தேயும் என்பதற்கான அளவுகள் 1913 ஆம் ஆண்டிலேயே அச்சில் கிடைத்தன. அதன் பின்னர் இக்கரையில் கட்டப்பட்ட ஒவ்வொரு துறைமுகமும் இவ்வறிவு இருந்த காலத்திலேயே கட்டப்பட்டது. துறைமுகச் சுவரின் தெற்கே சேர்ந்த நிலம் சென்னை நகரத்திற்குக் கிடைத்தது. வடக்கே இழந்த நிலம் இராயபுரம் முதல் பழவேற்காடு வரையிலான மீனவர் குப்பங்களுக்குரியது.